மூன்று நிறுத்தம் வரை வாய் திறக்கக் கூடாது

அந்த வார்டில் பெரிய டாக்டரம்மாவிலிருந்து தரை துடைக்கிற பெண் வரை எல்லோருக்கும் அவள் 'போன் அக்கா'. வேலை உத்தரவில் 'வார்டு எழுத்தர்' என்று போட்டிருந்தது. அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒரு கண்ணாடிச் சன்னல், அதற்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி. காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தால் மாலை நாலு மணி வரை அவள் இடம் அதுதான். உள்ளே இருபது குழந்தைகள். வெளியே இருபது குடும்பங்கள். டாக்டர் சொல்வதை அந்தக் குடும்பங்களுக்குப் போனில் சொல்லி வரவழைப்பது அவள் வேலை.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் புகார் கேட்டவள். "மூணு நாளா குழாயில சொட்டுத் தண்ணி இல்ல, நீங்கல்லாம் எதுக்கு உட்கார்ந்திருக்கீங்க?" என்று எரிந்து விழுகிறவர்களிடம் குரலை ஏற்றாமல் பேசிப் பேசி அவள் தொண்டை பதப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரி நேர்காணலில் பெரிய சிஸ்டர் கேட்டார், "யாராவது திட்டினா அழுதுடுவீங்களா?"

"திட்டு வாங்கறதுக்குத்தான் மேடம் இத்தனை வருஷம் சம்பளமே வாங்கினேன்."

அன்றைக்கே வேலை கிடைத்தது.

உள்ளே உள்ளங்கை அளவுக் குழந்தைகள்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் அவள். முதல் நாள் பெரிய சிஸ்டர் கையைக் கழுவ வைத்து, கவுன் மாட்டி உள்ளே கூட்டிப் போனார். முதல் படுக்கையிலேயே கன்னம் உப்பி, தொடை மடிப்பு மடிப்பாகத் தொங்க, மூன்று மாதக் குழந்தை மாதிரி ஒருத்தன் படுத்திருந்தான். நாலு கிலோ அறுநூறு.

"இவன் வழி தவறி வந்துட்டானா சிஸ்டர்?"

"இவன் அம்மாவுக்குச் சர்க்கரை. வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் நல்லா தின்னு வளர்ந்துட்டான். வெளிய வந்த ஒரு மணி நேரத்துல இவனோட சர்க்கரை சடசடன்னு இறங்கிடுச்சு. கவனிக்காம விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். உருவத்தைப் பார்த்து இங்க யாரையும் எடை போடாதீங்க."

நர்சுகள் அவனுக்குப் 'பயில்வான்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவனுக்கு அடுத்த கண்ணாடிப் பெட்டியில் எழுநூறு கிராமில் ஒரு பெண் குழந்தை. தோலுக்குக் கீழே நரம்பு ஓடுவது தெரிந்தது. அதற்கடுத்து நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிக்கொண்டு கடற்கரையில் வெயில் காய்கிற மாதிரி கிடந்தான் மஞ்சள் காமாலைக்காரன். பிறந்ததும் அழாததால் மூளையைக் காப்பாற்ற மூன்று நாள் உடம்பைக் குளிர வைத்திருந்த ஒருத்தி. உணவுக்குழாய் பாதியில் அடைத்துக்கொண்டு பிறந்தவன். அம்மா சாப்பிட்ட மருந்து விட்டுப்போன நடுக்கத்தில் வீறிட்டுக்கொண்டே இருந்த ஒருவன். காலம் முந்தி வந்தது, காலம் தவறி வந்தது, சரியான நாளில் பிறந்தும் இதயத்தில் ஓட்டையோடு வந்தது. ஒன்றின் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. வெளியே வந்தபோது போன் அக்காவின் முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

காத்திருக்கும் கூடத்தில் அம்மாக்கள் பேசிக்கொள்வதைச் சன்னல் வழியாகக் கேட்பாள். "உங்களுது எத்தனை கிராம்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. "தொள்ளாயிரம்." "எங்களுது ஆயிரத்து நூறு." பயில்வானின் அம்மா வாயே திறக்க மாட்டாள். ஒரு நாள் யாரோ விடாப்பிடியாகக் கேட்கவும், ஏதோ திருடிவிட்டவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, "நாலாயிரத்து அறுநூறு" என்றாள். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அப்புறம் தொள்ளாயிரம் கிராமின் அம்மா சிரித்துவிட்டாள். "எங்க அஞ்சு பேரு புள்ளைங்களையும் சேர்த்து நீங்க ஒருத்தரே பெத்துட்டீங்களே!" அதைக் கேட்டுப் பயில்வானின் அம்மா அழுததும் சிரித்ததும் ஒன்றாக நடந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அது நடந்தது. ஒரு தாய்க்குப் போன் போட்டு, "ஐசியு வார்டுல இருந்து பேசறேன்" என்றாள். அடுத்த வார்த்தை, "டயப்பர் தீர்ந்துபோச்சு, ரெண்டு பாக்கெட் கொண்டு வாங்க" என்பது. அதைச் சொல்வதற்குள் அந்தப் பக்கம் போன் விழுந்த சத்தம் கேட்டது. அந்தப் பெண் மாடிப்படியில் நின்று பேசியிருக்கிறாள். மயங்கி ஏழு படி உருண்டு, மணிக்கட்டு முறிந்து, மறுநாள் கட்டோடு வந்து நின்றாள். "உங்க நம்பரைப் பார்த்தாலே உயிர் போகுதுக்கா" என்றாள்.

அன்றிலிருந்து போன் அக்கா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் எடுத்த உடனே, யார் பேசுகிறோம் என்பதற்கும் முன்னால், "குழந்தை நல்லா இருக்கு" என்பாள். மூச்சு விட அவகாசம் கொடுத்துவிட்டு மற்றதைச் சொல்லுவாள்.

நல்ல பழக்கம்தான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருந்தது. நல்லா இல்லாத அன்றைக்கு அதைச் சொல்ல முடியாதே. பொய் சொல்லி வரவழைத்து, வந்த பிறகு உண்மையைக் காட்டுவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. அந்த மாதிரி நாட்களில், "வார்டுல இருந்து பேசறேன், உடனே கிளம்பி வாங்க" என்பாள். கூடத்தில் இந்தச் சங்கதி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்விட்டது. "போன் அக்கா அந்த வார்த்தையைச் சொல்லலேன்னா, செருப்பைத் தேடாம ஓடி வந்துடு" என்று பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வீட்டில் அவள் போனையே தொடுவதில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் கிண்டல் பண்ணுவார்: "நீ சம்பளத்துக்கு மட்டும்தான் பேசுவ போல." அவளும் சிரித்து வைப்பாள். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் மணி அடித்தால்கூட அவள் கை அப்படியே நின்றுவிடும்.

ஐந்தாவது வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம், இரட்டைப் பெண் குழந்தைகள் வந்தன. பத்து வாரம் முந்திப் பிறந்தவை. தாய்க்கு இரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்து, அவசரமாக அறுத்து எடுத்தார்கள். தாய் அதே ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில், பெரியவர்களின் ஐசியுவில், தொண்டையில் குழாயோடு நினைவில்லாமல் கிடந்தாள். குழந்தைகள் நாலாவது மாடியில். அப்பா டவுன் பஸ் டிரைவர். காலையில் வண்டியை எடுத்தால் மாலை ஐந்துக்கு விடுவார். அதற்கப்புறம்தான் வந்து இரண்டாவது மாடிக்கும் நாலாவது மாடிக்குமாக ஏறி இறங்குவார். போன் அக்கா நாலு மணிக்குக் கிளம்பிவிடுவதால் அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவருக்கும் அவளைக் குரலாக மட்டும்தான் தெரியும்.

எட்டாவது நாள் மூத்தவளுக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. "உடனே கிளம்பி வாங்க" என்று போன் அக்காதான் கூப்பிட்டாள். அவர் வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்னால் குழந்தை போய்விட்டது. அப்போது டாக்டரம்மா போன் அக்காவை மருந்துக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார். திரும்பி வந்தபோது அவர் இளையவளின் பெட்டிப் பக்கம் உள்ளே நின்றிருந்தார். சன்னலில் அவர் விட்டுப்போன தொப்பி மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள். வார்டு நம்பரிலிருந்து போன் போனால் அவர் எடுப்பதில்லை. மாலையில் வந்து நர்சிடம் கேட்டுக்கொள்வார். இளையவள் ஆயிரத்து இருநூறு கிராம். நர்சுகள் அவளைப் 'பொட்டு' என்றார்கள். மூச்சுக்குழாய் எடுத்தாயிற்று, சொட்டுச் சொட்டாகப் பால் ஏறிக்கொண்டிருந்தது. அதனால் அவர் போனை எடுக்காதது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்குப் பெரிய சிஸ்டர் வேகமாக வெளியே வந்தார். அவர் வேகமாக நடந்து போன் அக்கா பார்த்ததில்லை.

"பொட்டோட வயிறு உப்பிக்கிட்டு வருது. கக்கினது பச்சையா இருக்கு. எக்ஸ்ரே எடுத்தாச்சு. குடல்ல ஓட்டை விழுந்திருக்கு. அப்பாவைக் கூப்பிடுங்க."

அவள் கூப்பிட்டாள். மணி முழுதும் அடித்து அடங்கியது. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறை, போன் அணைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது.

சர்ஜன் கையைத் துடைத்துக்கொண்டே சன்னலுக்கு வந்தார். "தியேட்டர் தயாராகப் பத்து நாற்பது ஆகும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தாங்காது. அம்மா கையெழுத்துப் போடற நிலைமையில இல்ல. அப்பா வரலேன்னா ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயிடுவோம். சட்டத்துல இடம் இருக்கு."

"பொழைக்குமா டாக்டர்?"

"பாதிக்குப் பாதி."

காகிதத்துக்கு வழி இருக்கிறது. வைத்தியம் நிற்கப்போவதில்லை. அப்பா வந்தாலும் வராவிட்டாலும் பத்து நாற்பதுக்குக் குழந்தை உள்ளே போய்விடும். ஆனால் பாதிக்குப் பாதி என்றால் என்ன அர்த்தம்? ஒரு குழந்தையை அந்த மனுஷன் பத்து நிமிடத்தில் தவறவிட்டார். இன்னொன்றையும் பார்க்காமலே விட்டுவிட்டால்? போன் அக்கா கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

சேர்க்கைப் படிவத்தில் வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் டெப்போ நம்பர் இருந்தது. டெப்போ எழுத்தர் எடுத்தார்.

"அவரா? பதினேழாம் நம்பர்ல இருக்காரு. மார்க்கெட்டைத் தாண்டியிருப்பாரு. பத்து எட்டுக்கு உங்க ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்குக்கே வரும். கண்டக்டருக்குப் போன் போட்டுச் சொல்லச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் சார்!" அவள் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "வண்டி ஓட்டறவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. வண்டி நிறைய ஜனம் இருக்குமே."

"சரிதான். முன்ன ஒரு குழந்தை போன அன்னைக்கு, சொன்னதும் வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு இறங்கி ஓடிட்டாரு. பாலத்தடி டைம் கீப்பர் கூண்டுல மாத்து டிரைவர் ஒருத்தர் இருக்காரு. ஆஸ்பத்திரியில இருந்து மூணு ஸ்டாப்பிங். செக்கிங் ஜீப்பும் அங்கதான் நிக்குது. அங்க வச்சு அவரை இறக்கிடலாம். அதுவரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது."

"யார் சொல்றது அவருக்கு?"

"எங்க டைம் கீப்பரு சொல்லுவாரு. அவருக்குச் சத்தம் போட்டுத்தான் பேசத் தெரியும்."

போன் அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மூன்று. "நான் வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பெரிய சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். லிஃப்ட் வரவில்லை. நாலு மாடியையும் படியிலேயே இறங்கினாள். நாற்பத்து நாலு வயதில் அப்படி இறங்கியதை அவள் முழங்கால் ஒரு வாரம் மறக்கவில்லை.

பதினேழாம் நம்பர் வந்து நின்றது. முன்பக்கம் ஏறினாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது: இவருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். ஒரு வார்த்தை பேசினாலும் போச்சு.

கண்டக்டர் நரைத்த மீசைக்காரர். "எங்கம்மா போகணும்?" என்று உரக்கக் கேட்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோரம் கிசுகிசுத்தாள். அவர் முகம் மாறியது. டெப்போவிலிருந்து அவருக்கு, பாலத்தடியில் டிரைவர் மாறுகிறார் என்று மட்டும் தகவல் வந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு, டிக்கெட் கிழித்து அவள் கையில் திணித்தார். சீட்டியை ஊதினார். வண்டி கிளம்பியது.

அவள் அந்தப் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் துண்டு. முடி வெட்டிப் பல வாரம் ஆகியிருந்தது. சீட்டுக்குப் பக்கத்துக் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் போனின் விளிம்பு தெரிந்தது. அணைத்துக் கிடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதானவர் அவளைத் தொட்டார். "ஏம்மா, இந்த வண்டி பாலத்துக்குத்தானே போகுது?" அவள் தலையாட்டினாள். "அங்க இருந்து ரயில்வே ஆபீசுக்கு நடந்துடலாமா?" அதற்கும் தலையாட்டினாள். "எவ்வளவு தூரம் இருக்கும்?" அவள் கையை விரித்துக் காட்டினாள். அவர் இரக்கத்தோடு பக்கத்துப் பெண்ணிடம், "பாவம், வாய் பேச வராது போல" என்றார். அந்தப் பெண் சட்டென்று எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். வேறு நாளாக இருந்திருந்தால் போன் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். அன்று உட்காரவே முடியவில்லை.

முதல் நிறுத்தம் தாண்டியது. இரண்டாவது நிறுத்தத்துக்கு முன்னால் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். வண்டியே முன்னால் சாய்ந்தது. "பார்த்து!" என்று வந்த வார்த்தையை அவள் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தினாள். அவர் திரும்பிப் பார்த்து, "யாருக்கும் அடிபடலயே?" என்று கேட்டார். சிவந்த கண். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கைப்பேசி அடித்தது. வார்டு நம்பர். ஐந்து வருடமாக மற்றவர்களுக்கு அந்த நம்பரிலிருந்து பேசுகிறவள். அது தன் கையில் அடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கட்டைவிரலைப் பச்சைப் பொத்தானில் வைத்தும் அழுத்த வரவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்படிக்கு ஓடி, அங்கே எடுத்தாள்.

"அக்கா," என்றாள் நர்ஸ், "பொட்டுக்கு ஆக்சிஜன் இறங்கிட்டே வருது. மறுபடி மூச்சுக்குழாய் போட்டாச்சு. முன்னாடியே எடுத்துடலாம்ங்கிறார் சர்ஜன். எங்க இருக்கீங்க?"

கண்டக்டர் அவளைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சீட்டியை வாயில் வைத்து நீளமாக ஊதினார். "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க!" என்று யாரும் நிற்காத இடத்தைப் பார்த்துக் கத்தினார். அந்தச் சத்தத்துக்குள் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "பதினஞ்சு நிமிஷம். கெஞ்சிக் கேளும்மா. பதினஞ்சே நிமிஷம்."

பாலத்தடியில் வண்டி நின்றது. மாற்று டிரைவர் காத்திருந்தார். "என்னண்ணே, என் டிரிப் இன்னும் முடியலயே" என்று இவர் இறங்கினார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். டைம் கீப்பர் தொண்டையைச் செருமுவதற்குள் போன் அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"தம்பி," என்றாள்.

அவ்வளவுதான். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "சொல்லாதீங்க. நீங்க சொல்லாதீங்க."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "உயிரோட இருக்கா. கேக்குதா? உயிரோட இருக்கா. வயித்துல ஆபரேஷன் பண்ணணும். நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்காங்க. நடங்க."

ஜீப் கிளம்பியது. பிறகு பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு தடவை கூப்பிட்டிருந்தீங்க. பார்த்தேன். எடுக்கலேன்னா அது நடக்காதுன்னு... என்னமோ ஒரு கிறுக்கு."

"கிறுக்கு இல்ல தம்பி. பத்து நிமிஷத்துக்கு முன்னாடி எனக்கும் அதே தான்."

"பொழைப்பாளாக்கா?"

பொய் சொல்ல வராத தொண்டை. "பாதிக்குப் பாதின்னாரு."

அவர் தலையாட்டினார். எதிரே சிவப்பு விளக்கு. ஜீப் ஓட்டியவர் ஹாரனை அடித்துக்கொண்டே கடந்தார். டிரைவரின் வலது கால் அடிக்கடி ஜீப் தரையை அழுத்தியது. இல்லாத ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார்.

பத்து முப்பத்தைந்து. நாலாவது மாடி லிஃப்ட் வாசலிலேயே சக்கரம் வைத்த கண்ணாடிப் பெட்டி தயாராக நின்றது. கிளம்பிவிட்டார்கள். சர்ஜன் ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை நீட்டினார். டிரைவர் கையெழுத்துப் போட்டார். அது அவர் பெயர் மாதிரியே இல்லை. நர்ஸ் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, "கையில மருந்து போட்டுக்கிட்டுத் தொடுங்க" என்றாள். அவர் சுண்டுவிரலைப் பாதத்துக்கு அடியில் வைத்தார். பொட்டின் முழுப் பாதமும் அந்த விரலின் நீளம்கூட இல்லை. அரை நிமிடம். "போதும்" என்றார் சர்ஜன். பெட்டி போய்விட்டது.

போன் அக்கா தன் மேசைக்குத் திரும்பினாள். அவளுக்காக நாலு சீட்டு காத்திருந்தது. உலகம் நிற்கவில்லை. குளிர வைத்திருந்த ஒரு குழந்தை தானாகக் கண் திறந்து பார்த்ததாம். அம்மாவை வரச் சொல்ல வேண்டும். காமாலை வந்த இன்னொன்றை நாளை வீட்டுக்கு அனுப்பலாம். அவள் ஒவ்வொரு நம்பராகப் போட்டு, "குழந்தை நல்லா இருக்கு" என்று தொடங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் டிரைவர் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது போனில் அவள் சன்னலைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்றே காலுக்குச் சர்ஜன் வந்தார். தொப்பியைக் கழற்றினார். "நாலு சென்டிமீட்டர் குடல் அழுகியிருந்தது. எடுத்தாச்சு. மிச்சம் நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாளைக்கு வயித்துக்கு வெளிய ஒரு பை இருக்கும். மூணு நாள் போகட்டும், அப்புறம் பேசுவோம்."

அந்த மூன்று நாளும் டிரைவர் வண்டி எடுக்கவில்லை. கூடத்திலேயே கிடந்தார். கூடத்தில் காத்திருந்த ஒரு அம்மா இரண்டு பேர் சாப்பாடு கொண்டுவந்து, ஒன்றை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. இரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மதியம் வயிறு தட்டையானது. நாலாம் நாள் பையில் பச்சையாக ஒரு துளி விழுந்ததற்கு உள்ளே நர்சுகள் எல்லோரும் கைதட்டினார்கள். மலத்துக்குக் கைதட்டுகிற இடம் வேறு எங்கே இருக்கிறது!

ஆனால் அவருக்கு இன்னொரு மலை பாக்கி இருந்தது. ஆபரேஷனுக்கு மறுநாள் இரண்டாவது மாடியில் மனைவிக்கு நினைவு திரும்பிக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். குழந்தைகள் எங்கே என்று கேட்டதற்கு, "மேல இருக்காங்க" என்று சொல்லி வைத்திருந்தார். ஐந்து நாளாக அந்த ஒரு பதில்தான்.

சன்னலுக்கு வந்து நின்றார். "அக்கா, அவகிட்ட நீங்க சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும்."

"எனக்கு வாங்கன்னு மட்டும்தான் சொல்லத் தெரியும் தம்பி. இதை உங்க வாயால கேட்டாத்தான் அவங்களுக்கு ஆறும். நான் கூட நிக்கிறேன், வாங்க."

இரண்டாவது மாடியில் அவர் மனைவி கட்டில் ஓரத்தில் தலையணைகளில் சாய்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர்க் குவளையை எடுத்தார், வைத்தார். மின்விசிறி அதிகமா என்று கேட்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கரகரத்த குரலில் அவளே கேட்டாள்:

"யாரு? பெரியவளா, சின்னவளா?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"போன்ல போட்டோ காட்டறப்ப எல்லாம் ஒருத்தியைத்தானே காட்டுனீங்க. எனக்குத் தெரியாதா?"

"பெரியவ" என்றார். அவள் கையை நீட்டி அவர் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போன் அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அரைமணி நேரம் கழித்து அவர் எட்டிப் பார்த்து, "சின்னவளைப் பார்க்கணுங்கிறா" என்றார். சக்கர நாற்காலிக்குச் சொல்லி அனுப்பினாள்.

பொட்டு எழுபத்தொன்பது நாள் அங்கே இருந்தாள். இரண்டு முறை கிருமி தாக்கியது. ஒரு முறை எல்லோரும் கைவிட்ட மாதிரி ஆனது. கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்தார்கள். குடலை மறுபடி சேர்த்துத் தைத்தார்கள். இரண்டு கிலோ முந்நூறில் வீட்டுக்குப் போனாள்.

அந்த வருடக் கடைசியில் போன் அக்கா பெரிய சிஸ்டரிடம் கேட்டுக்கேட்டு, சேர்க்கைப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் போட வைத்தாள்: அவசரம் என்றால் முதலில் யாரிடம் சொல்லலாம், அவர் எங்கே இருப்பார். சிலர் அண்ணன் பேரை எழுதினார்கள், சிலர் பக்கத்துக் கடைக்காரர் பேரை. யாராவது காலியாக விட்டால் அவள் படிவத்தைத் திருப்பித் தள்ளுவாள்.

பொட்டு ஒன்றே முக்கால் வயதில்தான் நடந்தாள். கண் சோதனைக்கு வந்த ஒரு காலையில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, அம்மா பின்னால் வர, சன்னலுக்கு வந்தாள். தடிமனான மூக்குக் கண்ணாடி, பின்னால் வார் வைத்துக் கட்டியிருந்தது. போன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடியைப் பிடுங்கிச் சன்னல் இடுக்கு வழியாக மேசை மேல் எறிந்தாள். அது கோப்புகளுக்கு நடுவில் விழுந்தது. போன் அக்கா எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். பொட்டு மறுபடி எறிந்தாள்.

"வீட்டுலயும் நாள் முழுக்க இதே வேலைதான்க்கா" என்றாள் அம்மா, குனிந்து கண்ணாடியை மாட்டிவிட்டபடி. "ஒரு நாளைக்கு நாற்பது தடவை பொறுக்கறேன்."